நடுவது ஒரு நாள், காப்பது பல ஆண்டு: திருப்பதி நந்தவனங்கள் சொல்லும் பாடம்

புது தில்லி: தில்லியில் பிப்ரவரி பிறந்துவிட்டால் சாந்தி பத் சாலையோரமும், சாணக்கியபுரியின் சாலைச் சந்திப்புகளும் துலிப் மலர்களால் நிறைந்துவிடும். நெதர்லாந்திலிருந்து விமானத்தில் வரும் கிழங்குகளைப் புது தில்லி மாநகராட்சி 2017-18 முதல் நட்டு வருகிறது. தொடக்கத்தில் ஆயிரக்கணக்கில் இருந்த கிழங்குகளின் எண்ணிக்கை, இப்போது லட்சக்கணக்கில் உயர்ந்துள்ளது. மக்கள் குடும்பத்துடன் வந்து படம் எடுத்துக்கொள்கின்றனர். மார்ச் மாத வெயில் ஏறியதும் காட்சி முடிந்துவிடுகிறது.

துலிப் கிழங்கு பூப்பதற்குப் பல வாரக் கடுங்குளிர் தேவை. அந்தக் குளிரைக் குளிரூட்டும் அறையில் கொடுத்த பிறகே அது தில்லி மண்ணில் ஊன்றப்படுகிறது. பூத்து முடிந்த கிழங்கு, அடுத்த ஆண்டுக்கான சத்தைச் சேர்த்துக்கொள்வதற்குள் கோடை வந்துவிடுகிறது. இதனால் பெரும்பாலும் ஆண்டுதோறும் புதிய கிழங்குகளையே வாங்க வேண்டியுள்ளது. இந்நிலையை மாற்ற, இமாசலப் பிரதேசத்தின் பாலம்பூரில் உள்ள மத்திய அரசின் இமாலய உயிர்வளத் தொழில்நுட்ப நிறுவனம் உள்நாட்டிலேயே கிழங்கு உற்பத்தி செய்யும் முயற்சியில் ஈடுபட்டுள்ளது.

பொது இடத்தில் பூச்செடி நடுவது நல்ல காரியம். ஆனால் எதை நடுவது, எங்கே நடுவது, நட்ட பிறகு யார் காப்பது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை இல்லாமல் தொடங்கும் பணி நிலைப்பதில்லை. தில்லிக்கு மட்டும் உரியவை அல்ல இக்கேள்விகள். ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன்பே இக்கேள்விகள் எழுந்த இடம் ஒன்று தமிழகத்தின் வடக்கு எல்லையை ஒட்டி உள்ளது. அது திருப்பதி.

முதல் தொண்டர்

திருமலையில் நந்தவனம் அமைத்த வரலாறு, வைணவ மரபில் ராமாநுஜரின் காலத்திலிருந்து பேசப்படுகிறது. ஸ்ரீரங்கத்தில் நம்மாழ்வாரின் திருவாய்மொழிக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்த ராமாநுஜர், திருவேங்கட மலைக்குச் சென்று நந்தவனம் அமைத்து, பெருமாளுக்கு மாலை கட்டிச் சமர்ப்பிக்க முன்வருபவர் யார் எனக் கேட்டாராம். அக்காலத்தில் திருமலை அடர்ந்த காடு. குளிரும், விலங்குகளும், நோயும் அஞ்சத்தக்கவை. கூட்டத்தில் அனந்தாழ்வான் ஒருவர் மட்டுமே எழுந்து நின்றார். அவரது துணிவைப் பாராட்டி ராமாநுஜர் ஆண்பிள்ளை என்று அழைத்ததால், அனந்தான்பிள்ளை என்ற பெயரும் அவருக்கு வழங்கலாயிற்று.

மைசூர்ப் பகுதியைச் சேர்ந்தவரான அனந்தாழ்வான், மனைவியுடன் மலையேறிச் சென்று தோட்டம் அமைத்தார். தோட்டத்துக்குத் தம் ஆசிரியரின் பெயரையே சூட்டினார். ஆனால் செடி நட்டதுடன் வேலை முடியவில்லை. கோடையில் தண்ணீர் இல்லை. எனவே அவரே ஏரி ஒன்றை வெட்டத் தொடங்கினார். அவர் கடப்பாரையால் வெட்டிய மண்ணைக் கருவுற்றிருந்த மனைவி கூடையில் சுமந்து சென்று கொட்டினார்.

அந்தப் பெண்ணின் துயரத்தைக் கண்டு சிறுவன் ஒருவன் உதவிக்கு வந்தான் என்றும், தொண்டில் பிறர் பங்கு கொள்வதை விரும்பாத அனந்தாழ்வான் சினந்து கடப்பாரையை வீச, அது சிறுவனின் முகவாயில் பட்டது என்றும் தலவரலாறு கூறுகிறது. அன்று கோயில் மூலவரின் முகவாயில் ரத்தம் வழிந்ததாகவும், அதற்குப் பச்சைக் கற்பூரம் வைத்து அடைத்ததாகவும் வரலாறு தொடர்கிறது. மூலவரின் முகவாயில் பச்சைக் கற்பூரம் சாத்தும் வழக்கத்துக்கு இதுவே காரணமாகச் சொல்லப்படுகிறது. அந்தக் கடப்பாரை எனக் கருதப்படும் இரும்புக் கருவியைக் கோயிலின் பெரிய வாயிலில் பக்தர்கள் இன்றும் காணலாம்.

உலகப் புகழ் பெற்ற ஒரு கோயிலின் வாயிலில், ஒரு தோட்டக்காரரின் கருவி காட்சிக்கு வைக்கப்பட்டிருப்பது குறிப்பிடத்தக்கது. பொன்னும் மணியும் குவியும் இடத்தில் மரபு நினைவில் நிறுத்திக்கொண்டது, தண்ணீருக்காக மண்ணை வெட்டிய இரும்பைத்தான். இக்கதையைப் பக்திக் கதையாகப் படிப்பவர்கள் பலர். நந்தவனம் அமைப்பவர் தண்ணீருக்கு முதலில் வழிசெய்ய வேண்டும் என்ற வேளாண்மைப் பாடமும் அதில் அடங்கியிருக்கிறது.

அனந்தாழ்வானின் தோட்டம் புரிசைவாரித் தோட்டம் என்ற பெயரில் இன்றும் அறியப்படுகிறது. ஆண்டுப் பிரமோற்சவம் நிறைவுற்ற மறுநாள் நடைபெறும் பாக் சவாரி உற்சவத்தின்போதும், ஆடிப்பூரத்தன்றும் பெருமாள் அத்தோட்டத்துக்கு எழுந்தருள்கிறார். அனந்தாழ்வான் அங்குள்ள மகிழ மரமாக நிற்கிறார் என்பது நம்பிக்கை. நட்டவர் பெயரை மறக்காமல் ஆண்டுக்கு இரு முறை தோட்டத்துக்குச் சென்று வரும் இந்த ஏற்பாடு, தோட்டம் பராமரிக்கப்படுவதற்கும் ஒரு காரணமாக இருந்து வந்துள்ளது.

திருமலைக் கோயிலிலும் அதன் சுற்றுப்புறத்திலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் கண்டறியப்பட்டுள்ளன. அவற்றில் பெரும்பகுதி தமிழில் அமைந்தவை. விளக்கு, அமுதுபடி ஆகியவற்றுடன் நந்தவனங்களுக்கு அளிக்கப்பட்ட கொடைகளும் அவற்றில் இடம்பெற்றுள்ளன. தோட்டம் வைக்க நிலம் கொடுத்ததோடு நில்லாமல், அதைப் பார்த்துக்கொள்பவரின் பிழைப்புக்கும் வழி செய்வது பழைய கொடைகளின் பொது இயல்பாகும்.

சூடாத ஊர்

திருமலைக்குப் புஷ்ப மண்டபம் என்ற பெயரும் உண்டு. மலையில் மலரும் பூக்கள் அனைத்தும் பெருமாளுக்கே உரியவை என்பதால், அங்கு பெண்கள் தலையில் பூச்சூடுவதில்லை. தமிழகத்திலிருந்து முதன்முறையாகச் செல்லும் பெண்கள், மலையடிவாரத்திலேயே தலையில் உள்ள பூவை எடுத்துவிடும்படி உடன் வருவோர் சொல்வதைக் கேட்டிருப்பார்கள்.

கோயிலுக்குள் யமுனாத்துறை எனப்படும் பூ அறையில் நாள்தோறும் மாலைகள் கட்டப்படுகின்றன. ஜீயர்களின் மேற்பார்வையில் நடைபெறும் தோமாலை சேவையின் பெயரே தமிழ்ச் சொல்தான். தொடுத்த மாலை என்றும், தோள் மாலை என்றும் அதற்குப் பொருள் கூறுவர். பெருமாளுக்குச் சாத்திக் களைந்த பூக்களைப் பக்தர்களுக்குக் கொடுப்பதில்லை. முற்காலத்தில் அவை கோயிலுக்குள் உள்ள பூங்கிணற்றில் இடப்பட்டன. 2021 செப்டம்பர் முதல், தேவஸ்தானக் கோயில்களில் பயன்படுத்திய மலர்களைக் கொண்டு 7 வகை ஊதுபத்திகள் தயாரிக்கப்பட்டு விற்பனை செய்யப்படுகின்றன.

கார்த்திகை மாதத் திருவோண நட்சத்திரத்தன்று நடைபெறும் புஷ்ப யாகத்தில் 7 டன் முதல் 9 டன் வரை மலர்கள் பயன்படுத்தப்படுகின்றன. 15-ஆம் நூற்றாண்டில் நடைமுறையில் இருந்து பின்னர் நின்றுபோன இந்த வழிபாட்டைத் தேவஸ்தானம் 1980-இல் மீண்டும் தொடங்கியது. இதற்கான மலர்களைத் தமிழகம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய மாநிலங்களைச் சேர்ந்த நன்கொடையாளர்கள் வழங்குகின்றனர்.

பூத்தொடுப்பது, காய்கறி நறுக்குவது, அன்னதானக் கூடத்தில் பரிமாறுவது, வரிசையில் நிற்போருக்குத் தண்ணீர் கொடுப்பது போன்ற பணிகளுக்காக ஸ்ரீவாரி சேவை என்ற தன்னார்வத் தொண்டு முறையைத் தேவஸ்தானம் 2000-ஆம் ஆண்டில் ஏற்படுத்தியது. பல மாநிலங்களிலிருந்தும் வருவோர் குறிப்பிட்ட நாள்கள் தங்கி, ஊதியம் இன்றிப் பணியாற்றித் திரும்புகின்றனர். யார், எந்த நாளில், எந்த இடத்தில் பணியாற்றுவது என்பது முன்கூட்டியே ஒதுக்கப்படுகிறது. ஒருவர் போனால் அடுத்தவர் வருவார் என்ற இந்த ஒழுங்குதான் தன்னார்வப் பணிக்கு உயிர். மரம் நடும் விழாக்களில் பெரும்பாலும் காணப்படாததும் இதுவே.

சம்பங்கிக் கிழங்கு

வசந்தத்தில் பூக்கும் குளிர்நாட்டுக் கிழங்குகள் சித்தூர், திருப்பதிப் பகுதியின் வெப்பத்தைத் தாங்கா. அதனால் கிழங்குச் செடிகளே இம்மண்ணுக்கு ஆகாதவை என்று நினைத்துவிடக் கூடாது. மாலை கட்டும் எவருக்கும் தெரிந்த சம்பங்கி, கிழங்கிலிருந்து முளைப்பதுதான். தமிழில் நிலச்சம்பங்கி, தெலுங்கில் நேல சம்பெங்க, தில்லிப் பூக்கடைகளில் ரஜனிகந்தா என மூன்று பெயர்களில் விற்பனையாகும் மலர் இது. மெக்ஸிகோவிலிருந்து வந்த இச்செடி, பல நூற்றாண்டுகளாக இங்கேயே தங்கி, நம் கோயில் மாலைகளில் நிலையான இடம் பெற்றுவிட்டது. தமிழகத்தில் சத்தியமங்கலம் வட்டாரம் இதற்குப் பெயர் பெற்றது.

சம்பங்கிக்குக் குளிரூட்டும் அறை தேவையில்லை. ஜூன், ஜூலை மாதங்கள் நடவுக்கு ஏற்றவை. 25 முதல் 30 கிராம் எடையுள்ள கிழங்குகளைத் தேர்ந்து, தோண்டி எடுத்த பிறகு ஏறத்தாழ ஒரு மாதம் நிழலில் ஓய்வாக வைத்திருந்து நட வேண்டும். வரிசைக்கு வரிசை 45 செ.மீ., செடிக்குச் செடி 20 செ.மீ. இடைவெளி போதும். இக்கணக்கில் ஒரு ஹெக்டேருக்கு 1.1 லட்சத்துக்கும் மேற்பட்ட கிழங்குகள் தேவைப்படும். ஒரு தெருப் பூங்காவின் ஓரப் பாத்திக்குச் சில நூறு கிழங்குகள் போதும். பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய சிருங்கார், பிரஜ்வல் ஆகிய ரகங்கள் விவசாயிகளிடையே பரவியுள்ளன.

பொதுப் பூங்காக்களில் தொண்டு செய்வோருக்குக் கிழங்குச் செடி பல வகையில் ஏற்றது. மண்ணுக்கடியில் சேமிப்பு இருப்பதால், நாற்றைப் போல ஓரிரு நாள் தண்ணீர் தவறினாலும் பட்டுப்போவதில்லை. சிறுவர்கள்கூட எளிதாக நடலாம். ஒருமுறை நட்டால் சில ஆண்டுகள் பூக்கும். தாய்க்கிழங்கைச் சுற்றிக் குட்டிக்கிழங்குகள் உண்டாவதால், மூன்றாம் ஆண்டில் தோண்டிப் பிரித்து அடுத்த தெருவுக்கும் கொடுக்கலாம். அதே வேளையில் தண்ணீர் தேங்கும் இடம் இதற்கு ஆகாது. கிழங்கு அழுகிவிடும். வேரைத் தாக்கும் நூற்புழு உள்ள நிலத்திலிருந்து கிழங்கு வாங்குவதையும் தவிர்க்க வேண்டும்.

மலையின் சொந்தக் கிழங்குகள்

தோட்டத்தில் நடுவது வேறு, மலையில் நடுவது வேறு. கிழக்குத் தொடர்ச்சி மலையின் வறண்ட பகுதிகளுக்கென்று சொந்தமான கிழங்குச் செடிகள் உள்ளன. நரிவெங்காயம் அவற்றில் ஒன்று. தெலுங்கிலும் நரியின் பெயரால் நக்கவுல்லி என்றே வழங்குகிறது. ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்குள் கழிக்கும் இச்செடி, இலை விடுவதற்கு முன்பே, கோடையின் தொடக்கத்தில் நீண்ட காம்பில் பூக்கிறது. இப்பகுதிக்கு வசந்தகாலக் கிழங்கு என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்ல வேண்டும். மழைக்குப் பின் தலைகாட்டும் செங்காந்தள், தமிழகத்தின் மாநில மலர் என்பதைத் தமிழர்கள் அறிவர்.

நரிவெங்காயமும், செங்காந்தளின் கலப்பைக் கிழங்கும் மருந்துக்குப் பயன்படுபவை; அதே நேரத்தில் நச்சுத்தன்மை கொண்டவை. குழந்தைகள் விளையாடும் பூங்காவில் இவற்றை நடுவது தகாது. காட்டிலிருந்து தோண்டி எடுத்து வந்து நகரில் நடுவது அதைவிடத் தவறு. மூலிகை அறிவில் தேர்ந்த யானாதி பழங்குடியினர் போன்றோர் காலங்காலமாக அறிந்து பயன்படுத்தி வந்த செடிகள், வணிகத்துக்காக வேரோடு பிடுங்கப்படும்போதுதான் குறையத் தொடங்குகின்றன.

நியூயார்க்கில் ஒரு முயற்சி

வசந்தகாலக் கிழங்கு நடுவதை நகரம் முழுவதற்கும் உரிய பொதுத்தொண்டாக ஆக்கியதற்கு உலக அளவில் நல்ல எடுத்துக்காட்டு நியூயார்க் நகரம். 2001 செப்டம்பர் 11-ஆம் தேதி தாக்குதலுக்குப் பின், உயிரிழந்தோர் நினைவாக டாஃபடில் மலர்க் கிழங்குகளை நடும் திட்டம் அங்கு தொடங்கியது. நெதர்லாந்தைச் சேர்ந்த கிழங்கு வணிகர் ஒருவர் லட்சக்கணக்கான கிழங்குகளை நன்கொடையாக அளித்தார். பள்ளிப் பிள்ளைகள், குடியிருப்புச் சங்கத்தினர், அலுவலக ஊழியர்கள் என ஆயிரக்கணக்கானோர் பூங்காக்களிலும், தெருவோர மரங்களின் அடியிலும் அவற்றை நட்டனர். 2007-இல் டாஃபடில் அந்நகரின் அதிகாரபூர்வ மலராக அறிவிக்கப்பட்டது.

டாஃபடில் அந்நகரின் குளிரில் தானாகவே ஆண்டுதோறும் பூக்கக் கூடியது என்பதே இத்திட்டம் நிலைத்ததற்கு முக்கியக் காரணம். அங்குள்ள மண்ணுக்கும் பருவத்துக்கும் ஏற்ற கிழங்கை அவர்கள் தேர்ந்தெடுத்தனர். நாம் அவர்களைப் பின்பற்றுவதாக இருந்தால், அதே மலரை வரவழைப்பதைவிட, அதே முறையில் நம் மண்ணுக்கு ஏற்ற மலரைத் தேர்ந்தெடுப்பதே பொருத்தமாகும்.

எண்ணிக்கையும் உயிரும்

இந்தியாவில் மரம் நடும் விழா புதிதன்று. 1950-இல் மத்திய உணவு மற்றும் வேளாண் அமைச்சராக இருந்த கே.எம். முன்ஷி வனமகோற்சவத்தைத் தொடங்கி வைத்தார். நாட்டின் நிலப்பரப்பில் மூன்றில் ஒரு பங்கு காடாகவும் மரங்களாகவும் இருக்க வேண்டும் என்பது 1988-ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கையின் இலக்கு. 2024 டிசம்பரில் வெளியான இந்திய வன நிலை அறிக்கையின்படி, காடும் மரங்களும் சேர்ந்து 25.17 சதவீதப் பரப்பில் உள்ளன.

2016-இல் ஆந்திர அரசு வனம்-மனம் என்ற மரம் நடும் இயக்கத்தைத் தொடங்கியது. 2024 ஜூன் 5-ஆம் தேதி தில்லி புத்த ஜயந்தி பூங்காவில் பிரதமர் நரேந்திர மோடி, தாயின் பெயரில் ஒரு மரம் என்ற இயக்கத்தைத் தொடங்கி வைத்தார். அதே ஆண்டு செப்டம்பருக்குள் 80 கோடி மரக்கன்றுகள் நடுவது அதன் முதல் இலக்காக அறிவிக்கப்பட்டது.

இலக்குகள் எல்லாம் நடப்பட்ட கன்றுகளின் எண்ணிக்கையைச் சொல்கின்றன. மூன்று கோடைகளுக்குப் பின் உயிருடன் இருப்பவை எத்தனை என்ற கணக்கே உண்மையில் தேவையானது. அரசின் வனப் பரப்புக் கணக்கெடுப்பிலும் ஒரு வரையறை உள்ளது. ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் 10 சதவீதத்துக்குக் குறையாமல் மர நிழல் இருந்தால், அது எந்த வகை மரமானாலும் வனப் பரப்பாகவே கணக்கிடப்படுகிறது. இவ்வரையறைப்படி சித்தூர் மாவட்டத்தின் மாந்தோப்பும், சேஷாசலத்தின் இயற்கைக் காடும் ஒரே கணக்கில் சேர வாய்ப்பு உண்டு.

இந்த வேறுபாட்டின் விலையைத் திருமலை அனுபவத்தில் கண்டது. மலையின் வெறுமையான பகுதிகளைப் பசுமையாக்க, வேகமாக வளரும் ஆஸ்திரேலிய அகேசியா மரங்கள் முன்பு பெருமளவில் நடப்பட்டன. மலை பச்சையாகத் தெரிந்தது. ஆனால் ஒரே வகை மரம் நிறைந்த இடத்தில் மற்றச் செடிகொடிகளுக்கும், அவற்றை நம்பிய பறவை விலங்குகளுக்கும் இடமில்லாமல் போகிறது என வல்லுநர்கள் சுட்டிக்காட்டினர். அகேசியாவைப் படிப்படியாக நீக்கி, உள்நாட்டு மரங்களை நடுவதற்குத் தேவஸ்தானம் பின்னர் திட்டமிட்டது. ஒரு தலைமுறை நட்டதை மறு தலைமுறை செலவு செய்து அகற்ற வேண்டிய நிலை இது.

சேஷாசலம் சாதாரண மலை அன்று. 1989-இல் ஸ்ரீ வேங்கடேஸ்வரா தேசியப் பூங்காவும், 2010-இல் சுமார் 4,756 சதுர கி.மீ. பரப்பில் சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகமும் அறிவிக்கப்பட்டன. செம்மரம், பெடோம் சைகஸ் போன்ற அரிய தாவரங்களின் இருப்பிடம் இது. செம்மரத்தை அழியும் அபாயத்தில் உள்ள இனமாக உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2021-இல் வகைப்படுத்தியது. தமிழ் வாசகர்கள் இக்காட்டை அறிந்திருப்பது வேறொரு துயரச் செய்தியின் வழியாக. 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி, செம்மரம் வெட்ட வந்ததாகக் கூறி ஆந்திரக் காவல் துறையினர் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் தமிழகத்தைச் சேர்ந்த 20 பேர் இங்கு உயிரிழந்தனர்.

2014 மார்ச் மாதம் இம்மலைக் காட்டில் பரவிய தீயை அணைக்க விமானப் படையின் ஹெலிகாப்டர்கள் வர வேண்டியதாயிற்று. 2023 ஆகஸ்டில் அலிபிரி நடைபாதையில் சென்ற 6 வயதுச் சிறுமி சிறுத்தை தாக்கி உயிரிழந்தார். தீயும், விலங்கும், அரிய செடியும் உள்ள இடத்தில் ஆர்வம் மட்டும் கொண்டு கன்றும் கையுமாக நுழைவது முறையாகாது. மலையில் தொண்டு செய்ய விரும்புவோர் வனத் துறையின் வழிகாட்டுதலுடன், களைச்செடி அகற்றுவது, பிளாஸ்டிக் கழிவுகளைப் பொறுக்குவது போன்ற பணிகளில் ஈடுபடுவதே பயன் தரும். நடும் ஆர்வத்துக்கு உரிய இடம் நகரமும் கிராமமும்தான்.

ரிஷி வேலியின் மாற்றம்

நட்டுக் காப்பதால் என்ன நிகழும் என்பதற்கு, பழைய சித்தூர் மாவட்டத்திலேயே இன்னொரு சான்று உள்ளது. 1895-இல் மதனப்பள்ளியில் பிறந்த தத்துவ அறிஞர் ஜே. கிருஷ்ணமூர்த்தியின் முயற்சியால், அவ்வூரிலிருந்து சுமார் 16 கி.மீ. தொலைவில் உருவானது ரிஷி வேலி பள்ளி. மழை குறைந்த, பாறைகள் நிறைந்த பள்ளத்தாக்கு அது. அங்கு பல ஆண்டுகளாக ஆசிரியர்களும் மாணவர்களும் மரம் வளர்ப்பில் ஈடுபட்டனர். மலைச்சரிவுகள் மேய்ச்சலிலிருந்தும் விறகு வெட்டுவதிலிருந்தும் காக்கப்பட்டன. மழைநீர் ஓடிவிடாமல் தடுக்கும் அமைப்புகள் ஏற்படுத்தப்பட்டன.

பறவைகள் திரும்பின. 1991-இல் ரிஷி வேலி பறவைகள் பாதுகாப்பிடமாக அறிவிக்கப்பட்டது. தென்னிந்தியாவின் பாறைக் குன்றுகளில் மட்டுமே வாழும் மஞ்சள் தொண்டைக் கொண்டலாத்தி என்ற அரிய பறவையை இங்கு காணலாம். ஒரு பள்ளியில் பிள்ளைகள் ஆண்டுதோறும் வந்து போவார்கள். ஆனால் பள்ளி என்ற அமைப்பு அங்கேயே இருக்கும். நட்ட பிள்ளை படிப்பு முடித்துச் சென்ற பிறகும், அடுத்த வகுப்புப் பிள்ளை தண்ணீர் ஊற்றும். திருமலையில் கோயில் செய்த வேலையை ரிஷி வேலியில் பள்ளி செய்தது.

நிதி உண்டு, ஆள் வேண்டும்

நகரங்களில் சிறு வனங்களை உருவாக்க மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2020 ஜூன் 5-ஆம் தேதி நகர் வனத் திட்டத்தை அறிவித்தது. 2026-27 வரையிலான காலத்தில் 600 நகர் வனங்களும், அவற்றைவிடச் சிறிய 400 நகர் வாடிகைகளும் அமைக்க ரூ. 895 கோடி மதிப்பிடப்பட்டது. ஒரு ஹெக்டேருக்கு ரூ. 4 லட்சம் வழங்கப்படுகிறது. உள்ளூர் மக்களின் பங்கேற்பு இத்திட்டத்தின் முக்கிய நோக்கங்களில் ஒன்று. தில்லியில் குடியிருப்போர் நலச் சங்கங்கள் பூங்காக்களைப் பராமரிப்பதற்கு தில்லி பூங்காக்கள் மற்றும் தோட்டங்கள் சங்கம் நிதி உதவி வழங்கி வருகிறது. தன்னார்வத் தொண்டர்களுக்குப் பொறுப்பையும், அதற்குரிய செலவையும் சேர்த்துக் கொடுக்கும் இந்த முறை மற்ற நகரங்களும் எண்ணிப் பார்க்கத் தக்கது.

2022 ஏப்ரலில் சித்தூர் மாவட்டம் பிரிக்கப்பட்டு, திருப்பதி தனி மாவட்டமாயிற்று. வேகமாக வளர்ந்து வரும் திருப்பதி நகருக்கு, நிழலும் நீரும் இன்று அழகுக்கான ஏற்பாடுகள் அல்ல. 2021 நவம்பரில் பெய்த பெருமழையில் நகரின் தெருக்கள் ஆறாயின. மலைப்பாதைகள் மூடப்பட்டன. திருப்பதியை அடுத்த, கிருஷ்ணதேவராயர் காலத்தது எனப்படும் ராயல செருவு ஏரியின் கரையில் கசிவு ஏற்பட்டு, சுற்றியுள்ள கிராம மக்கள் வெளியேற்றப்பட்டனர். மழையில்லாத ஆண்டுகளில் குடிநீருக்கு அலையும் அதே வட்டாரத்தில்தான் இதுவும் நிகழ்ந்தது. மண்ணில் இறங்கும் நீரின் அளவு குறைந்துபோன இடத்தில் வறட்சியும் வெள்ளமும் மாறி மாறி வரும். ஒரு தெருப் பூங்காவின் திறந்த மண்ணும் அந்த நீருக்கு ஒரு வழிதான்.

எனவே, பூங்காவில் கிழங்கோ கன்றோ நட முன்வரும் தொண்டர் குழுக்கள் சில ஏற்பாடுகளை முதலில் செய்துகொள்வது நல்லது. தண்ணீர் எங்கிருந்து வரும் என்பதை உறுதி செய்த பிறகே குழி தோண்ட வேண்டும். அந்த மண்ணிலும் வெயிலிலும் தானாக நிற்கக் கூடிய செடியையே தேர்ந்தெடுக்க வேண்டும். குறைந்தது மூன்று கோடைகளுக்குத் தண்ணீர் ஊற்றும் முறையைப் பெயர் குறித்து எழுதி வைக்க வேண்டும். பள்ளி, கோயில், பள்ளிவாசல், தேவாலயம், குடியிருப்போர் சங்கம் என ஊரில் நிலையாக இருக்கும் ஓர் அமைப்பிடம் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும். நட்ட எண்ணிக்கையைவிட, ஆண்டு முடிவில் உயிருடன் இருக்கும் எண்ணிக்கையை அறிவிப்புப் பலகையில் எழுதலாம்.

தோட்ட வேலைக்குக் கூலிக்கு வருபவர்களையும் மறந்துவிடக் கூடாது. தன்னார்வத் தொண்டர் ஞாயிற்றுக்கிழமை வருவார். திங்கள் முதல் சனி வரை குழாயைத் திறந்து மூடுபவர் தோட்டத் தொழிலாளிதான். அவருக்கு ஒழுங்கான ஊதியம் இல்லாத பூங்காவில் எந்தச் செடியும் தங்காது. பழங்காலக் கொடையாளர்கள் நந்தவனத்துடன் அதைக் காப்பவருக்கும் நிலம் ஒதுக்கியது இதை அறிந்துதான்.

ஜூன் மாதம் சம்பங்கி நடவுக்கு ஏற்ற காலம். தென்மேற்குப் பருவமழையை ஒட்டி நட்ட கிழங்கு, ஏறத்தாழ மூன்று மாதங்களில் பூக்கத் தொடங்கும். ஒரு கூடைக் கிழங்குடன் தொடங்க விரும்புவோருக்கு அதிகப் பொருட்செலவு ஆகாது. தண்ணீர்க் குழாயின் சாவி யாரிடம் இருக்கும் என்பதை மட்டும் அவர்கள் முதல் நாளிலேயே தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.